கதை முடிந்த நாளின் வெறுமை

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10ஆம் நாள் இராசாசி பிறந்தார். தந்தையார் அவ்வூர் முன்சீப். இன்று ஆலைகள் சூழ்ந்து நிற்கும் ஓசூர், அந்நாளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்தொலித்த அமைதியான எல்லைப்புறச் சிற்றூர். அங்கே தொடக்கக் கல்வி, பெங்களூரில் கல்லூரி, சென்னையில் சட்டம், சேலத்தில் வழக்கறிஞர் தொழில் என வளர்ந்த வரலாறு பலரும் அறிந்ததே.

ஏறிய உயரங்கள் பல. 1930இல் வேதாரண்யத்தில் உப்பெடுத்தார். 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானார். 1948 ஜூனில் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக அமர்ந்தார். அப்பதவி வகித்த இந்தியர் அவர் ஒருவரே. 1950 ஜனவரி 26இல் குடியரசு மலர்ந்தபோது அப்பதவியே மறைந்தது. குடியரசுத் தலைவராக அவர் வரவேண்டும் என நேரு விரும்பினார்; காங்கிரசாரில் பலர் இராசேந்திர பிரசாத்தையே நாடினர். இராசாசி சென்னைக்குத் திரும்பினார். பின்னர் மத்திய அமைச்சர். 1952இல் சென்னை முதலமைச்சர். அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. 1954 ஏப்ரலில் பதவி விலகினார்.

அப்போது அகவை எழுபத்தைந்து. ஓய்ந்து அமரவில்லை. மறுமாதமே கல்கி இதழில் இராமன் கதையை வாரந்தோறும் எழுதத் தொடங்கினார். (சமண மரபின் இராமன் இறுதியில் துறவு பூண்டு வீடுபேறு அடைகிறான், இவர் சொன்னது வான்மீகியின் இராமனை.) அவ்வாண்டு டிசம்பரில் நண்பர் கல்கி மறைந்தார். துயரிடையேயும் எழுத்து நிற்கவில்லை. 1955 நவம்பரில் தொடர் முடிந்தது.

அப்போதுதான் மனம் தளர்ந்தது. உயர்பதவிகளை விட்டிறங்கிய நாட்களில் தோன்றாத வெறுமை, கதை முடிந்த அன்று தம்மைச் சூழ்ந்ததாக நூலின் நிறைவுரையில் அவரே ஒப்புக்கொண்டார். கல்நெஞ்சர் எனப் பெயரெடுத்தவர் இதனை மறைக்காமல் எழுதியது வியப்பே. பதவிகள் அவரைத் தேடி வந்தவை. இப்பணியோ அவரே தேடிக்கொண்டது. ஒன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் உடனுறைந்த மாந்தர் ஒரே நாளில் விடைபெற்றுச் சென்றால் வீடு வெறிச்சோடாதா?

அவ்வெறுமையோடே அவர் அடுத்த பணிக்குச் சென்றார். 1957இல் இராமாயணம் ஆங்கில நூலாக வெளிவந்தது. தமிழ் நூலான ‘சக்கரவர்த்தித் திருமகன்’ 1958இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. எண்பது கடந்த பின், 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1962இல், அயல்நாடு சென்று, அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு கென்னடியிடம் நேரில் வாதிட்டார்.

1972 டிசம்பர் 25இல் இராசாசி மறைந்தார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த எளிய வீடு இன்று நினைவில்லமாக நிற்கிறது.