‘நட்பு’ என்று பெயர் எழுதிய படகு

கடற்கரை மணலில் நான்கு மீன்பிடிப் படகுகள். சிவப்பு, பச்சை, நீலம் எனப் பளிச்சிடும் நிறங்கள். அவற்றுள் ஒன்றில் ‘அமித்தியே’ என்று எழுதப்பட்டிருக்கிறது. பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘நட்பு’ என்று பொருள். 1888ஆம் ஆண்டு இந்த ஓவியத்தைத் தீட்டியவர் வின்சென்ட் வான் கோ. அவருடைய வாழ்க்கையைத் தாங்கி நின்றதும் ஓர் உறவுதான்.

1853 மார்ச் 30ஆம் தேதி நெதர்லாந்தின் சுண்டர்ட் கிராமத்தில் கிறிஸ்துவ போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் வின்சென்ட். 16 வயதில் ஓவியம் விற்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார், அது நிலைக்கவில்லை. பிறகு பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் போதகராகச் சென்றார். அங்குள்ள தொழிலாளர்களின் வறுமை அவரை உலுக்கியது. தம் உடைகளைக் கொடுத்துவிட்டு, குடிசையில் வைக்கோல் மீது படுத்து, அவர்களைப் போலவே வாழ்ந்தார். ஆனால், சபை அவரது பணியை நீட்டிக்கவில்லை.

27 வயதில் கையில் காசில்லை, தொழிலும் இல்லை. அப்போதுதான் ஓவியராவது என்று முடிவெடுத்தார். கைகொடுத்தவர் தம்பி தியோ. பாரிஸில் ஓவிய வணிகத்தில் இருந்த அவர், தம் சம்பளத்திலிருந்து அண்ணனுக்குத் தவறாமல் பணம் அனுப்பினார். வண்ணங்களும் வாங்கி அனுப்பினார். வின்சென்ட் பதிலுக்குத் தாம் வரைந்த ஓவியங்களை அனுப்பினார்.

1888 பிப்ரவரியில் தென்பிரான்சின் ஆர்ல் நகருக்குக் குடிபெயர்ந்த வின்சென்ட், சில மாதங்களில் செந்த் மரி என்ற மீனவர் ஊருக்குச் சென்றார். அங்குதான் மத்தியதரைக் கடலை முதன்முதலாகப் பார்த்தார். காற்று வீசும் கரையில் நின்றே வரைந்ததால், அங்கு அவர் தீட்டிய கடல் ஓவியம் ஒன்றின் வண்ணத்தில் மணல் துகள்கள் இன்றும் ஒட்டியிருக்கின்றன.

படகுகளை மட்டும் அப்படி வரைய முடியவில்லை. மீனவர்கள் அதிகாலையிலேயே கடலுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆகவே ஒரு நாள் காலையில் அவர்கள் புறப்படுவதற்குள் கோட்டோவியமாக வரைந்து, எந்த இடத்தில் என்ன நிறம் என்பதையும் குறித்துக்கொண்டார். ஆர்லுக்குத் திரும்பியபின் அதை வைத்து வண்ணம் தீட்டினார். கண்ட காட்சியோடு நின்றுவிடாமல், தாம் உணர்ந்ததையும் தடித்த கோடுகளாலும் அழுத்தமான நிறங்களாலும் காட்டியதே அவரது தனித்தன்மை.

அதே ஆண்டு டிசம்பரில் மனநிலை பாதிக்கப்பட்டுத் தம் காதையே அறுத்துக்கொண்டார். மறுஆண்டு மனநல விடுதியில் தங்கியபோதும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 850 எண்ணெய் வண்ண ஓவியங்களைத் தீட்டினார். அவர் வாழ்நாளில் விலைபோனவை மிகச் சில. 1890 ஜூலை 29ஆம் தேதி, 37 வயதில், தியோ அருகிலிருக்க அவர் உயிர் பிரிந்தது.

அண்ணன் போன ஆறே மாதத்தில் தம்பியும் மறைந்தார். குவிந்து கிடந்த ஓவியங்களையும் கடிதங்களையும் கட்டிக்காத்து உலகறியச் செய்தவர் தியோவின் மனைவி யோஹானா. அந்தப் படகு ஓவியம் இன்று ஆம்ஸ்டர்டாமிலுள்ள வான் கோ அரும்பொருளகத்தில் இருக்கிறது.

பிரான்சின் ஓவேர் கிராமத்தில் அண்ணன் தம்பி இருவரின் கல்லறைகளும் அருகருகே உள்ளன.