கரகரக்கும் பழைய ரேடியோவும் ஜகதீஷ் சந்திர போஸும்: ஒரு 'கான்டாக்ட்' கதை

சேலம், நாமக்கல் பக்கம் பழைய வீடுகளில் பரணைச் சுத்தம் செய்தால் தாத்தா காலத்து ரேடியோ ஒன்று கிடைக்க வாய்ப்பு உண்டு. ரீல்ஸில் 'ரெஸ்டோர்' வீடியோ பார்த்த தைரியத்தில் அதை ஆன் செய்தால் பாட்டு வராது. வால்யூம் குமிழைத் திருப்பும்போதெல்லாம் 'கரகர' சத்தம்தான் வரும். பேண்ட் மாற்றும் சுவிட்சை ஆட்டினால் ஒரு நொடி ஸ்டேஷன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போகும்.

பெரும்பாலும் இதற்குக் காரணம், கான்டாக்ட்டில் அழுக்கு. சுவிட்சுக்குள் இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டுக்கொள்ளும் இடம்தான் கான்டாக்ட். பல பழைய செட்டுகளில் அந்த இடத்தில் வெள்ளி முலாம் பூசியிருப்பார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசு நாளாக ஆகக் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீங்க. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற கறுப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. காலில் நடப்பதேதான் ரேடியோவுக்குள்ளும் நடக்கிறது. கோழிப்பண்ணை பக்கத்து வீடு என்றால், எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பு, பித்தளைப் பாகங்களையும் விட்டுவைக்காது.

வேடிக்கை என்னவென்றால், ரேடியோ வளர்ந்ததே இப்படி ஒரு 'சரியில்லாத' கான்டாக்ட்டை நம்பித்தான். அந்தக் காலத்தில் அதை ஆழமாகத் தோண்டிப் பார்த்தவர்களில் ஒருவர் இந்தியர். 'செடிக்கும் உணர்வு உண்டு என்றவர்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதே ஜகதீஷ் சந்திர போஸ்.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30, இன்றைய வங்கதேசத்தின் மைமன்சிங்கில். அப்பா பகவான் சந்திர போஸ் துணை மாஜிஸ்திரேட். அதிகாரிகள் தங்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பிய காலத்தில், அவர் மகனை வங்க மொழிப் பள்ளியில் சேர்த்தார். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தது மீனவர் வீட்டுப் பையன். பிறகு கொல்கத்தா செயின்ட் சேவியர்ஸ், அடுத்து லண்டனில் மருத்துவப் படிப்பு. உடம்பு ஒத்துழைக்காததால் அதை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜுக்குப் போய் அறிவியல் படித்தார். அங்கே அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் லார்ட் ரேலேவும் ஒருவர்.

1885-ல் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேலை கிடைத்தது. ஆனால், ஒரே வேலைக்கு ஐரோப்பியப் பேராசிரியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. போஸின் பணி தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. அவர் தர்ணா எதுவும் செய்யவில்லை. தினமும் வகுப்பு எடுத்தார், சம்பளத்தை மட்டும் தொடவே இல்லை. வீட்டில் அப்பாவின் கடன் வேறு கழுத்தை நெரித்தது. அப்படியே மூன்று வருஷம் ஓடியது. கடைசியில் நிர்வாகம் இறங்கிவந்து முழுச் சம்பளத்தையும் நிலுவையோடு கொடுத்தது.

ஆராய்ச்சிக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை. கருவிகள் செய்ய உள்ளூர் தகரக் கொல்லர் ஒருவரின் கை உதவியது. அந்த அறையில்தான் 1894 முதல் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை அவர் உருவாக்கினார். 5ஜி பற்றிப் பேசும்போது 'மில்லிமீட்டர் வேவ்' என்கிறார்களே, அதே குடும்பத்து அலைதான். 1895-ல் கொல்கத்தா டவுன் ஹாலில், நடுவில் சுவர் இருக்க, வயரே இல்லாமல் மணியை ஒலிக்கவைத்து, வெடிமருந்தையும் வெடிக்கவைத்துக் காட்டினார்.

அழுக்குதான் ஹீரோ

அலையை அனுப்புவது பாதி வேலை. வந்து சேர்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்போது இருந்த கருவி 'கொஹரர்'. கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளைப் போட்டு, இரு முனையிலும் வயர் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய ஆக்சைடு படலம் இருப்பதால் மின்சாரம் சுலபமாகப் போகாது. ரேடியோ அலை வந்து மோதியதும் தடை சட்டென்று குறைந்து மின்சாரம் ஓடும். படலம் தடித்துவிட்டால் கருவி செத்துவிடும். படலமே இல்லையென்றால் எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆக, அளவான 'அழுக்கு' தேவை. இன்னொரு தலைவலி, ஒவ்வொரு சிக்னலுக்குப் பிறகும் குழாயைத் தட்டிவிட்டால்தான் அடுத்ததைப் பிடிக்கும்.

கொல்கத்தாவின் ஈரக் காற்றில் துருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போஸ் தூளைக் கைவிட்டு, சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளை வரிசையாக அடுக்கினார். ஒரு திருகைத் திருப்பினால் அவை ஒன்றையொன்று அழுத்தும் அளவு மாறும். அதாவது, தற்செயலாக அமைந்த கான்டாக்ட்டை, கையால் 'செட்' பண்ணக்கூடிய கான்டாக்ட்டாக மாற்றினார். என் கணிப்பில் அவருடைய பொறியியல் மூளைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அங்கேயும் நிற்கவில்லை. எந்த உலோகத்தில் தடை குறைகிறது, எதில் கூடுகிறது, எது தட்டாமலே பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1899-ல் ராயல் சொசைட்டிக்குக் கொடுத்த கட்டுரையில், இரும்பும் பாதரசமும் தொட்டுக்கொள்ளும், தானாக மீளும் கருவி ஒன்றை விவரித்தார். 1901 டிசம்பரில் மார்கோனி அட்லான்டிக் தாண்டி வந்த சிக்னலைக் கேட்கப் பயன்படுத்தியதும் பாதரசக் கருவிதான். அதன் மூலம் போஸின் வேலையே என்று புரோபீர் பந்தோபாத்யாய் 1998-ல் ஐஇஇஇ இதழில் வாதிட்டார்.

'மார்கோனி நம்ம ஆளிடமிருந்து ரேடியோவைத் திருடிவிட்டார்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஃபார்வர்டு அவ்வளவு நேர்மையானது இல்லை. தொலைதூரத் தந்தியை வியாபாரமாக்கியவர் மார்கோனி. போஸின் குறி அது இல்லை, காசுக்காகக் காப்புரிமை வாங்குவதும் அவருக்குப் பிடிக்காது. ஆனால், கருவிக்கான பெருமையில் அவர் பெயர் பல காலம் விடுபட்டது உண்மை.

நண்பர்கள் விடாமல் வற்புறுத்தியதால் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கலீனா என்ற ஈய சல்பைடு கனிமத்தின் மேல் ஓர் உலோக முனை தொடும் கருவி அது. 1904 மார்ச் 29 அன்று அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. குறைக்கடத்திக் கருவிக்கான முதல் காப்புரிமையாக அது சொல்லப்படுகிறது. 1920-களில் வீட்டு ரேடியோவாகப் பிரபலமான 'கிரிஸ்டல் செட்' இதே முறையில்தான் ஓடியது. மெல்லிய கம்பியால் கல்லைக் குத்திக் குத்தி, நல்ல புள்ளி கிடைக்கும்வரை தேட வேண்டும். கல்லில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் ஸ்டேஷன் போச்சு, ஸ்பிரிட் வைத்துத் துடைக்க வேண்டியதுதான்.

உங்கள் பரண் ரேடியோவுக்கும் அந்த வைத்தியம்தான். ஐசோபிரைல் ஆல்கஹால் அல்லது எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயைக் கொஞ்சமாக அடித்து, சுவிட்சைப் பத்து இருபது தடவை முன்னும் பின்னும் திருப்பினால் படலம் உரசிப் போகும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், வெள்ளி முலாமும் சேர்ந்து போய்விடும். வால்வு செட் என்றால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்காமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது நல்லது.

களைத்துப்போன இரும்பு

போஸின் வாழ்க்கை திசை மாறியதும் ஒரு கான்டாக்ட்டால்தான். தொடர்ந்து வேலை வாங்கினால் கொஹரர் மந்தமாகிறது, கொஞ்ச நேரம் விட்டுவிட்டால் தெளிகிறது என்பதைக் கவனித்தார். களைத்த தசை மாதிரியே இருக்கிறதே! உலோகத்துக்கும் உயிருக்கும் நடுவில் கோடு எங்கே என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1900-ல் பாரிஸ் இயற்பியல் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசினார், அப்படியே செடிகளுக்குப் போனார். அலைகளைப் பற்றிச் சொன்னபோது கைதட்டிய லண்டன், செடியின் துடிப்பைப் பற்றிச் சொன்னபோது முகம் சுளித்தது. 1901-ல் ராயல் சொசைட்டியில் உடலியல் அறிஞர்கள் எதிர்த்ததால் அவருடைய கட்டுரை அச்சாகவில்லை. சம்பள விஷயம் போலவே இதிலும் அவர் அசரவில்லை. 1917-ல் கொல்கத்தாவில் தன் பெயரில் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். 1920-ல் அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1937 நவம்பர் 23, கிரிதியில் போஸ் காலமானார். 79-வது பிறந்தநாளுக்கு ஏழு நாள் இருந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-லும், நாமக்கல்லுக்குப் பக்கமான திருச்சி நிலையம் 1939 மே 16-லும் ஒலிபரப்பைத் தொடங்கின.