இராமானுசன் கண்ட குறுக்கு வழி

முலுண்டில் மின்ரயில் ஏறி, நெரிசலில் நின்றபடியே தொகையீட்டுச் சூத்திரங்களை உருப்போடும் நண்பர்கள் நம்மிடையே பலர். பகுதித் தொகையீட்டுக்கு 'ஐலேட்' என்னும் ஐந்தெழுத்து மந்திரம் அவர்களுக்குத் துணை. அதனினும் பெரிய குறுக்கு வழியைக் காட்டியவர், தேர்வில் தோற்ற தமிழர் ஒருவர்.

சீனிவாச இராமானுசன் 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். 1903-இல் கார் என்பார் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான முடிபுகள், நிறுவல்களோ மிகச் சுருக்கம். நூலே ஆசானாயிற்று. பிற பாடங்களைக் கைவிட்டார். உதவித்தொகை போயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. தாள் வாங்கப் பணமின்றிச் சிலேட்டில் கணக்கிட்டார். முழங்கையால் அழித்துவிட்டு, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார்.

1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். மறு ஆண்டு, பட்டமில்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் அளித்தது. மூன்று மாதத்துக்கொருமுறை அறிக்கை தரவேண்டும். அவ்வறிக்கைகளில் உள்ளதே இன்று 'தலைமைத் தேற்றம்' எனப்படுவது.

ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். 1-ஐ (1+ய)-ஆல் வகுத்து, ய-இன் வர்க்கமூலத்தாலும் வகுத்து, 0 முதல் முடிவிலி வரை தொகையிட வேண்டும். முதற்பகுதியை விரித்தால் 1 − ய + ய² − ய³ என நீளும். ஒவ்வோர் உறுப்பும் படியின் காரணீயப் பெருக்கத்தால் வகுபட்டிருப்பதாக எழுதினால், மேலே நிற்பதும் அதே காரணீயப் பெருக்கம். அதில் படிக்குப் பதிலாக −½ இட்டால் காமா(½) வரும். அதை மற்றுமொரு காமா(½)-ஆல் பெருக்க, விடை பை! பதிலீடும் இல்லை, பகுதித் தொகையீடும் இல்லை.

ஆனால் பொறி ஒன்று உண்டு. முழு எண்களில் சுழியாகும் சைன் சார்பை அந்த விதியோடு கூட்டினால் தொடர் சற்றும் மாறாது, விடை மாறிவிடும். எவ்வெல்லைக்குள் தேற்றம் செல்லும் என்பதைப் பின்னர் வரையறுத்தவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி. அவரிடம் பயிலவே 1914 மார்ச் 17-இல் இராமானுசன் கப்பலேறினார். 1918-இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். நோயுற்று 1919 மார்ச் 27-இல் பம்பாயில் வந்திறங்கினார். மறு ஆண்டு ஏப்ரல் 26-இல் மறைந்தார். வயது 32.

அந்த நோட்டுகளை 1957-இல் அச்சேற்றியது இதே ஊரின் டாட்டா ஆராய்ச்சி நிலையம். முழங்கை அழித்த வழிகளை மீண்டும் கண்டு எழுத, அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ன்ட்டுக்கு 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் தேவைப்பட்டன.