இருதயக் குழாயில் பலூன் விட்ட டாக்டர்

மாரடைப்பு என்றால் ஒரு காலத்தில் வீடே நடுங்கும். இருதயத்தின் ரத்தக் குழாய் அடைத்துக் கொண்டால் மாத்திரை கொடுப்பார்கள். ஓய்வு எடுக்கச் சொல்வார்கள். அதற்கும் கேட்காவிட்டால் மார்பைப் பிளந்து ஆபரேஷன் செய்ய வேண்டும். வேறு வழி இல்லை.

இன்று அந்த நிலை மாறிவிட்டது. கையிலோ தொடையிலோ சிறு துளை போடுகிறார்கள். அதன் வழியாக மெல்லிய குழாயை இருதயம் வரை செலுத்துகிறார்கள். குழாயின் நுனியில் உள்ள பலூன், அடைப்பை விலக்கி வழி விடுகிறது. அந்த இடம் மீண்டும் சுருங்காமல் இருக்க, ஸ்டென்ட் என்னும் கம்பி வலைக் குழலை வைத்து விடுகிறார்கள். பல நோயாளிகள் இரண்டொரு நாளில் நடந்தே வீடு திரும்புகிறார்கள்.

இந்த வழியைத் திறந்து விட்டவர் ஒரு ஜெர்மானிய டாக்டர். அவர் பெயர் ஆண்டிரியாஸ் குருன்ட்சிக். அவர் வாழ்ந்தது 46 ஆண்டுகளே.

தந்தையைப் பறித்த போர்

1939-ம் ஆண்டு ஜூன் மாதம் 25-ந் தேதி, ஜெர்மனியில் உள்ள டிரெஸ்டன் நகரில் குருன்ட்சிக் பிறந்தார். பிறந்து மூன்று மாதம் ஆகுமுன் இரண்டாவது உலகப் போர் மூண்டது. போருக்குப் போன தந்தை திரும்பி வரவில்லை. தாய்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார்.

போர் முடிந்ததும் ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தது. அவர்கள் இருந்த பகுதி கம்யூனிஸ்டு ஆட்சியில் அமைந்த கிழக்கு ஜெர்மனி ஆயிற்று. பிழைப்புத் தேடி அந்தக் குடும்பம் கடல் கடந்து அர்ஜென்டினாவுக்குப் போனது. சில காலம் கழித்து ஊருக்கே திரும்பியது.

படிப்பில் குருன்ட்சிக் கெட்டிக்காரர். பள்ளிப் படிப்பை முடித்ததும் மேற்கு ஜெர்மனிக்குப் போய்விட்டார். அப்போது பெர்லின் சுவர் எழும்பவில்லை. ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1964-ம் ஆண்டு பட்டம் பெற்றார்.

முன்னோடிகள் இருவர்

இருதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் அதற்கும் உணவு வேண்டும். அதற்கென்று தனி ரத்தக் குழாய்கள் உண்டு. அவற்றின் உட்புறம் 3 அல்லது 4 மில்லி மீட்டர் அகலமே. அதில் கொழுப்புப் படிந்தால் வழி குறுகும். நடந்தால் நெஞ்சு வலிக்கும். வழி முழுவதும் அடைத்தால் மாரடைப்பு!

இருதயத்துக்குள் குழாய் விடலாம் என்று முதலில் காட்டியவர் வெர்னர் போர்ஸ்மான் என்ற ஜெர்மானிய டாக்டர். 1929-ல் தம் கை நரம்பு வழியாகத் தமக்கே குழாய் விட்டுக் கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போனார். அன்று அவரைக் கண்டித்தார்கள். 1956-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாமவர் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் டாட்டர். 1964-ம் ஆண்டு ஜனவரி மாதம், போர்ட்லண்டு நகரில் 82 வயது மூதாட்டி ஒருவர் அவரிடம் வந்தார். ரத்தம் ஓடாமல் பாதம் அழுகிக் கொண்டிருந்தது. காலை வெட்டச் சம்மதிக்க மாட்டேன் என்று மூதாட்டி பிடிவாதமாக இருந்தார். டாட்டர், அடைபட்ட குழாய்க்குள் முதலில் மெல்லிய குழலையும், பிறகு அதைவிடத் தடித்த குழலையும் செலுத்தி வழி உண்டாக்கினார். கால் பிழைத்தது.

டாட்டரின் முறையில் ஒரு குறை இருந்தது. தடித்த குழல் போக வேண்டுமானால் வெளியே போடும் துளையும் பெரிதாக இருக்க வேண்டும். கால் குழாய்க்குச் சரி. இருதயத்தின் மெல்லிய குழாய்க்கு அது ஆகுமா?

சமையல் அறையே ஆராய்ச்சி சாலை

குருன்ட்சிக் 1969-ல் சுவிட்சர்லாந்தில் உள்ள சூரிச் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். டாட்டரின் முறையை ஜெர்மானிய டாக்டர் எபர்ஹார்ட் சைட்லரிடம் கற்றுக் கொண்டார். அப்போது அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. உள்ளே போகும்போது குழல் மெல்லியதாக இருக்க வேண்டும். அடைப்புள்ள இடத்தை அடைந்த பிறகு அங்கே மட்டும் தடிக்க வேண்டும். அதற்குப் பலூன்தான் ஏற்றது.

ஆனால் சாதாரண ரப்பர் பலூன் உதவாது. இறுக்கமான இடத்தில் அது அமுங்கி, இரண்டு பக்கமும் பிதுங்கி, உடுக்கை போல் ஆகிவிடும். குறிப்பிட்ட அளவு வரை விரிந்து, அதற்கு மேல் விரியாத உறுதியான பலூன் தேவை. ரசாயனப் பேராசிரியர் ஒருவர் பி.வி.சி. பிளாஸ்டிக்கைப் பயன்படுத்திப் பார்க்கும்படி யோசனை கூறினார்.

பகலில் ஆஸ்பத்திரி வேலை. மாலையில் வீட்டுச் சமையல் அறையில் பலூன் வேலை. மேஜை மீது பிளாஸ்டிக் குழல், கத்தி, நூல், பசை எல்லாம் பரப்பிக் கிடக்கும். அவருடைய மனைவியும், உதவியாளர் மரியா சிலும்ப்பும் கூட இருந்து உதவினார்கள். எத்தனையோ பலூன்கள் வெடித்தன, ஒழுகின. மனம் தளராமல் மீண்டும் செய்தார்கள்.

1974-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு நோயாளியின் கால் குழாயில் பலூனை விட்டு வெற்றி கண்டார். பிறகு இன்னும் சிறிய பலூன் செய்து, நாய்களின் இருதயக் குழாயில் சோதித்தார். 1976-ல் அமெரிக்காவில் மியாமியில் நடந்த இருதய மருத்துவர் மாநாட்டில் அந்த முடிவுகளை வைத்தார். பலர் நம்பவில்லை. துடிக்கும் இருதயத்தின் குழாயை ஒரு நொடி அடைத்தாலும் ஆபத்து ஆயிற்றே என்று தலையசைத்துப் போனார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை

1977-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16-ந் தேதி, அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தது. நெஞ்சு வலியால் அவதிப்பட்ட ஒருவருக்கு இருதயத்தின் முக்கியக் குழாயில் ஒரே ஒரு அடைப்பு இருந்தது. அவருக்கு வயது 38. டாக்டருக்கும் அதே வயது! புதிய முறையின் ஆபத்தை எடுத்துச் சொன்னபோது, நோயாளி சம்மதித்தார்.

ஆபரேஷன் நிபுணர் ஆக்கே சென்னிங்கும் ஆதரவு தந்தார். பலூன் வெற்றி பெற்றால் தம் துறையின் வேலை குறையும் என்று அவர் எண்ணவில்லை. ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் உடனே மார்பைத் திறக்க ஆபரேஷன் குழு தயாராக நின்றது.

நோயாளிக்கு மயக்கம் கொடுக்கவில்லை. விழித்தபடியே படுத்திருந்தார். தொடை வழியாகச் சென்ற குழல் இருதயத்தை அடைந்தது. பலூன் விரிந்தது. சுருங்கியது. மறுபடியும் விரிந்தது. அடைப்புக்கு அப்பால் ரத்தத்தின் அழுத்தம் உயர்ந்தது. நோயாளிக்கு நெஞ்சு வலி வரவில்லை. ஆபரேஷன் குழுவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று!

23 ஆண்டுகளுக்குப் பிறகு அவரைச் சோதித்தபோதும் அந்த இடம் திறந்தே இருந்தது.

அதே ஆண்டு நவம்பரில் குருன்ட்சிக் மீண்டும் மியாமி சென்றார். முதல் நான்கு நோயாளிகளின் விவரத்தைச் சொன்னார். முந்திய ஆண்டு தலையசைத்த சபை இந்தத் தடவை கைதட்டியது.

தோல்வியையும் சொன்னவர்

புகழ் வந்தது. நோயாளிகளும் டாக்டர்களும் தேடி வந்தார்கள். அங்கேதான் குருன்ட்சிக்கின் உண்மையான உயர்வு தெரிகிறது.

1979-ல் முதல் 50 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார். 32 பேருக்கு வெற்றி. 5 பேருக்கு அவசரமாக ஆபரேஷன் செய்ய நேர்ந்தது. எதையும் மறைக்கவில்லை. ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களில் 100-க்கு 10 முதல் 15 பேருக்கே தம் முறை ஏற்றது என்று எழுதினார். ஆபரேஷனோடும் மருந்தோடும் ஒப்பிட்டு முறைப்படி சோதித்த பிறகே இதன் பயனை முடிவு செய்ய வேண்டும் என்றும் எழுதினார்.

சூரிச்சில் மற்ற டாக்டர்களை அழைத்து, தாம் செய்யும் சிகிச்சையை டெலிவிஷனில் நேராகக் காட்டினார். வெற்றியானாலும் தோல்வியானாலும் அவர்கள் கண்ணெதிரே நடக்கும். உலகம் முழுவதும் இந்த முறை பரவியது இப்படித்தான்.

சூரிச்சில் அவருக்குப் போதிய படுக்கை வசதி கிடைக்கவில்லை. 1980-ல் அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் உள்ள எமரி பல்கலைக்கழகத்துக்குக் குடிபெயர்ந்தார்.

மழையில் முடிந்த பயணம்

குருன்ட்சிக்குக்கு விமானம் ஓட்டுவதில் ஆசை அதிகம். சொந்த விமானம் வைத்திருந்தார். 1985-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 27-ந் தேதி, கடற்கரை வீட்டிலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்டார். டாக்டரான அவருடைய இரண்டாவது மனைவியும் உடன் இருந்தார். மழையும் மேகமும் சூழ்ந்த வானத்தில் விமானம் நொறுங்கி விழுந்தது. இருவரும் மாண்டார்கள். அவருக்கு வழிகாட்டிய டாட்டரும் அதே ஆண்டில்தான் காலமானார்.

குருன்ட்சிக் போனபோது பலூன் முறையில் ஒரு பெருங்குறை தீராமல் இருந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சில மாதங்களில் குழாய் மீண்டும் சுருங்கியது. சிலருக்கு உடனேயே அடைத்துக் கொண்டது.

அவர் மறைந்து ஐந்தே மாதத்தில், 1986 மார்ச் மாதம், பிரான்சில் துலூஸ் நகரில் ஜாக் புயெல் என்ற டாக்டர் இருதயக் குழாயில் முதல் ஸ்டென்ட்டை வைத்தார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தில் உல்ரிச் சிக்வார்ட்டும் வைத்தார். ஸ்டென்ட் சரியாக விரியாவிட்டால் அங்கே ரத்தம் உறையும். விரிந்ததா என்று குழாய்க்கு உள்ளிருந்தே பார்க்க, ஒலி அலையால் படம் எடுக்கும் நுண்ணிய கருவி வந்தது. 1990-களில் இத்தாலியில் மிலான் நகர டாக்டர் அன்டோனியோ கொலம்போ அதன் பயனை எடுத்துக் காட்டினார். பின்னர் ஒளியால் இன்னும் நுட்பமாகப் படம் எடுக்கும் கருவியும் வந்தது. 1999-ல் பிரேசில் நாட்டில் மருந்து பூசிய ஸ்டென்ட்டை வைத்துப் பார்த்தார்கள். மீண்டும் சுருங்கும் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

இவற்றில் ஒன்றையும் பார்க்க குருன்ட்சிக் இல்லை. ஆனால் ஸ்டென்ட்டை ஏற்றிச் சென்று விரித்து வைப்பது இன்றும் பெரும்பாலும் பலூன்தான். சமையல் அறை மேஜையில் நூலும் பசையும் கொண்டு செய்த பலூனின் வாரிசு அது. அது விரியும் இடமெல்லாம் ஒரு குடும்பத்தின் கவலை தீருகிறது.