கொசுவைப் பின்தொடர்ந்த மருத்துவர் – சர் ரொனால்ட் ராஸ்

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் பேறு நம் குமரி மாவட்டத்திற்கு உண்டு. குளமும் காலும் வயலும் தோப்பும் நிறைந்த நாஞ்சில் மண்ணில் நீர் தேங்காத இடம் அரிது. நீர் தேங்குமிடத்தில் கொசு பெருகும். கொசுவினால் நோய் பரவும். இவ்வுண்மையை இன்று சிறுவரும் அறிவர். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை, சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே மலேரியாவுக்குக் காரணம் என்று பலரும் நம்பி வந்தனர். அந்நம்பிக்கையை மாற்றிய பெருமகனாரின் வாழ்வை இங்கு நினைவுகூர்வோம்.

ரொனால்ட் ராஸ் 1857 மே 13 அன்று இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். எட்டாம் வயதில் கல்விக்காக இங்கிலாந்து சென்றார். அவர் உள்ளம் நாடியவை கவிதையும் இசையும் ஓவியமும். எனினும் படைத்தளபதியான தந்தையின் விருப்பத்திற்கிணங்கி மருத்துவம் பயின்று, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார்.

1883இல் பெங்களூரில் அவர் தங்கிய வீட்டில் கொசுத்தொல்லை மிகுந்திருந்தது. சன்னலருகே இருந்த நீர்த்தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டு அதைக் கவிழ்த்தார், கொசுக்கள் குறைந்தன. படை விடுதியிலும் அவ்வாறே செய்யலாம் என்று அவர் கூற, அது இயற்கை ஒழுங்குக்கு மாறானது என்று அதிகாரி ஒருவர் மறுத்துவிட்டார். இத்தகைய மறுப்புகளை அவர் வாழ்நாள் முழுவதும் எதிர்கொள்ள நேர்ந்தது.

1894இல் இலண்டனில் பாட்ரிக் மேன்சன் என்னும் அறிஞர், மலேரியா ஒட்டுண்ணியை நுண்ணோக்கியில் அவருக்குக் காட்டி, கொசுவின் மீதான தம் ஐயத்தையும் தெரிவித்தார். அடுத்த ஆண்டு செகந்தராபாத் திரும்பிய ராஸ், ஈராண்டுகள் எண்ணற்ற கொசுக்களை அறுத்து ஆராய்ந்தார். பயன் கிட்டவில்லை, அவை மலேரியாவைப் பரப்பும் இனமல்ல. 1897இல் உதகமண்டலத்தை அடுத்த சீகூர் மலைச்சரிவில் ஆய்வு செய்யச் சென்றபோது அவரையே மலேரியா பற்றியது. அவர் தளரவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்டில் உசேன் கான் என்னும் மலேரியா நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா என்ற கூலிக்குத் தம் உடலை அளித்தார். அவர் குருதியைக் குடித்த புள்ளிச் சிறகுக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில், ஆகஸ்ட் 20 அன்று ஒட்டுண்ணியை ராஸ் கண்டார். அந்நாளே இன்று உலகக் கொசு நாள். நோபல் பரிசு பெற்றவரின் பெயரை உலகம் அறியும். உசேன் கானின் பெயரையும் நாம் அறிந்திருத்தல் முறையாகும்.

கண்டறிந்த சில வாரங்களிலேயே அவர் மலேரியா அரிதான இராசபுதனத்திற்கு மாற்றப்பட்டார். 1898இல் கல்கத்தாவில், முகம்மது பக்ஸ் என்னும் உதவியாளரின் துணையோடு, பறவைகளின் மலேரியா கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பி வழியே பரவுவதை நிறுவினார். மனிதருக்குப் பரவும் முறையை அதே ஆண்டில் இத்தாலிய அறிஞர் கிராசி குழுவினர் காட்டினர். முதன்மை யாருக்கு என்று எழுந்த பூசல் இருவர் வாழ்வையும் கசப்பாக்கியது. 1902இல் நோபல் பரிசு ராஸுக்கே கிடைத்தது.

ஆயினும் விருதோடு அவர் பணி முடியவில்லை. சியரா லியோன், இஸ்மாயிலியா, மொரீசியசு எனச் சென்று கொசு ஒழிப்பை வலியுறுத்தினார். கொசுக்களை முற்றும் அழிக்க வேண்டியதில்லை, ஓரளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானே தேயும் என்று கணித வழியில் காட்டினார். அரசுகள் போதிய அளவில் செயற்படவில்லை என்ற மனக்குறையும் அவருக்கு இருந்தது. 1932 செப்டம்பர் 16 அன்று மறைந்தார்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வேறினம். ஆயினும் ராஸ் காட்டிய வழி ஒன்றே. 2021 சூலையில், நம் எல்லையை ஒட்டிய பாறசாலையில் சிகா நோய் தென்பட்டபோது குமரி எல்லையிலும் கண்காணிப்பு மிகுந்தது. ரப்பர்ப் பால் வடியும் சிரட்டையிலும், வீட்டுத் தொட்டியிலும், எறிந்த டயரிலும் புழுவைத் தேடி வரும் சுகாதாரப் பணியாளர், ராஸின் பணியையே தொடர்கின்றனர். அவருக்கு வாயில் திறப்போம். அவர் வருமுன்னரே நம் வீட்டுத் தொட்டியை நாமே கவிழ்ப்போம். அதுவே அம்மேதைக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.