கடுக்கன், பட்டு ஜிப்பா, பிடரி முடி... பாட்டாலேயே ஜெயித்த ஹீரோ! யார் இந்த எம்.கே.தியாகராஜ பாகவதர்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும் பசங்களின் போனை எட்டிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே மாதிரி ஹீரோதான் ஓடிக்கொண்டிருப்பார். தாடி, ரத்தக்கறை படிந்த சட்டை, ஸ்லோ மோஷன் நடை. காதலைச் சொல்வதுகூட முறைத்துக்கொண்டுதான். ஆம்பளைன்னா இப்படித்தான் இருக்கணும் என்று அந்த ரீல்ஸ் சொல்லாமல் சொல்கிறது.

இவர்களின் கொள்ளுத் தாத்தா காலத்து இளைஞர்கள் காப்பியடித்த ஆண் வேறு மாதிரி. காதில் வைரக் கடுக்கன், உடம்பில் பட்டு ஜிப்பா, பின்னால் வாரிவிட்ட நீள முடி. அந்த முடிக்குப் பேரே பாகவதர் கிராப்பு.

டெல்டா பக்கமிருந்து ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு அவர் ஊர்க்காரர். 1910-ல் மாயவரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. சிறு வயதிலேயே அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறினார். படிப்பு பெரிதாக ஏறவில்லை, பாட்டு ஏறியது.

1934-ல் முதல் படம் பவளக்கொடி. வேடம் என்னவோ வில்வீரன் அர்ஜுனன். ஆனால் ஜனங்கள் பேசியது அம்பைப் பற்றி அல்ல, பாட்டைப் பற்றித்தான். அந்த ஒரே படத்தில் சுமார் 50 பாடல்கள்!

1937-ல் வந்த சிந்தாமணியும் அம்பிகாபதியும் அவரை உச்சத்தில் உட்கார வைத்தன. அம்பிகாபதியை இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். ரோமியோ ஜூலியட்டை மனதில் வைத்து எடுத்த காதல் காட்சிகள் அந்தக் காலத்துக்கு ரொம்பவே துணிச்சல்.

அதெல்லாம் பொற்காலம் என்றும் சொல்லிவிட முடியாது. சிந்தாமணி, ஹரிதாஸ் இரண்டிலும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். நாயகன் மனைவியை விட்டுவிட்டு இன்னொரு பெண்ணிடம் மயங்குவான், சீரழிவான், பிறகு திருந்தி பக்தனாவான். முதல் பாதி ஆசை, இரண்டாம் பாதி பக்தி. ரசிகனுக்கு ரெண்டும் கிடைத்தது. படத்தில் வரும் மனைவிக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. குரல் மென்மையானது என்பதற்காக ஆணுக்கான சலுகைகள் குறைந்துவிடவில்லை.

1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. படத்தின் நாயகன் மட்டும் அதைக் கொண்டாட வெளியில் இல்லை.

என்ன நடந்தது?

நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதி வந்த மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அடுத்த மாதமே பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைது. 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பியது. 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

சட்டப்படி அவர் குற்றமற்றவர். ஆனால் இடைப்பட்ட இரண்டு வருஷத்துக்கு மேலான காலத்தில் கையிலிருந்த படங்கள் போய்விட்டன; தியேட்டருக்கு வரும் கூட்டத்தின் ரசனையும் மாறத் தொடங்கியிருந்தது. 1941-ல் பாகவதரின் அசோக்குமாரில் துணை வேடத்தில் வந்த எம்.ஜி.ஆர்., அவர் விடுதலையான அதே 1947-ல் ராஜகுமாரி படத்தில் கதாநாயகன் ஆனார். பாட்டுப் பாடி மயக்கியவன் இருந்த இடத்துக்கு வாள் வீசுகிறவன் வந்தான். 1952-ல் பராசக்தி வந்த பிறகு, அடுக்கு வசனம் பேசத் தெரிவதும் ஆண்மையின் அடையாளம் ஆனது.

பாகவதர் மாறவில்லை. மாற முடிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். 1948-ல் ராஜமுக்தி, 1952-ல் அமரகவி, ஷியாமளா, 1957-ல் அவரே இயக்கிய புதுவாழ்வு என்று வரிசையாக முயன்றார். எதுவும் அவரைத் தூக்கிவிடவில்லை. பேரைப் பார்த்தாலே தெரியும், அந்தக் கடைசிப் படத்தில் அவர் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார் என்று. மறு வருஷம் தமிழ்நாடு கத்திச் சண்டைக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது. படம் நாடோடி மன்னன்.

நீரிழிவு உடம்பை அரித்தது. 1959 நவம்பர் 1 அன்று, சென்னை பொது மருத்துவமனையில், 49 வயதில் இறந்தார். உடல் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் நடித்து முடித்திருந்த சிவகாமி 1960-ல்தான் தியேட்டருக்கு வந்தது.