ஒரே கம்பி, ஒரே மின்சாரம்: கால்மான் காண்டோவின் கதை

ரயில் பாதைக்கு மேலே போகிற மின்கம்பியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 25,000 வோல்ட், தொடாதே என்று பலகையும் வைத்திருப்பார்கள். நம்ம வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தான். ஆனால் அதிர்வெண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், 50 ஹெர்ட்ஸ். வீட்டு மின்விசிறி எந்த மின்தொகுப்பில் சுற்றுகிறதோ, அதே தொகுப்பிலிருந்துதான் ரயிலுக்கும் மின்சாரம் போகிறது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். நூறு வருடத்துக்கு முன்னால் பெரிய பெரிய பொறியாளர்களே இது ரயிலுக்கு ஒத்துவராது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒத்துவரும் என்று கடைசிவரை உழைத்த ஒருவரைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன். அவர் ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த கால்மான் காண்டோ.

காண்டோ 1869 ஜூலை 10 அன்று பெஸ்ட் நகரில் பிறந்தார். (பக்கத்து நகரமான புடாவோடு அது சேர்ந்து புடாபெஸ்ட் ஆனது 1873இல்.) 1892இல் பொறியியல் பட்டம் வாங்கிவிட்டு, பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போனார். அங்கே அவருக்குப் பிடித்துப்போனது தூண்டல் மோட்டார். டி.சி. மோட்டாரில் நாம் படிக்கிற பிளவு வளையம் இதில் கிடையாது, அதனால் அங்கே வரும் தீப்பொறித் தொல்லையும் கிடையாது. உறுதியானது, சீக்கிரம் பழுதாகாது. இவருடைய திறமையைக் கேள்விப்பட்டு, புடாபெஸ்ட்டில் இருந்த கன்ஸ் தொழிற்சாலை 1894இல் இவரை ஊருக்கே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

அவருடைய முதல் பெரிய வேலை இத்தாலியில் கிடைத்தது. ஆல்ப்ஸ் மலை ஓரமாகப் போகும் வால்டெலினா பாதை அது. புதுப் பாதை இல்லை. ஏற்கெனவே நீராவி வண்டி ஓடிக்கொண்டிருந்த பாதை.

பழைய பாதையை மின்மயமாக்குவது என்றால் சும்மா கம்பியை இழுத்துக் கட்டிவிடுவது என்று நான் நினைத்திருந்தேன். படித்த பிறகுதான் எவ்வளவு வேலை என்று தெரிகிறது. சுரங்கத்திலும் மேம்பாலத்தின் அடியிலும் கம்பிக்கு இடம் இருக்க வேண்டும். புதிதாக நடும் கம்பங்கள் சிக்னலை மறைக்கக் கூடாது. மாறுமின்னோட்டம் பக்கத்தில் போனால் தந்திக் கம்பிகளிலும் மின்தூண்டல் உண்டாகிவிடும். இன்னொன்றும் உண்டு. எஞ்சினுக்குள் வந்த மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. பல பாதைகளில் சிக்னலும் அதே தண்டவாளத்தை நம்பியிருக்கிறது. ரயில் சக்கரம் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்தவுடன் பின்னால் உள்ள சிக்னல் சிவப்பாகும். இந்த இரண்டு மின்சாரமும் குழம்பிப் போனால் விபத்துதான். அதனால்தான் மின்மயமாக்கும்போது சிக்னலையும் சேர்த்தே மாற்றியமைக்கிறார்கள்.

வால்டெலினா பாதையில் 1902இல் மின்ரயில் ஓடியது. நீளம் 106 கி.மீ. அழுத்தம் 3,000 வோல்ட். அட்டா ஆற்றுத் தண்ணீரில் மின்சாரம் எடுத்தார்கள். உயர் அழுத்த மாறுமின்னோட்டத்தில் ஓடிய உலகின் முதல் முக்கிய ரயில் பாதை இதுதான்.

அடுத்து ஜெனோவா துறைமுகத்துக்கு மேலே உள்ள ஜோவி மலைப் பாதை. ரொம்பச் செங்குத்தான ஏற்றம். அந்தச் சுரங்கங்களில் நீராவி எஞ்சின் புகையால் ஓட்டுநர்கள் மூச்சுத் திணறினார்கள். காண்டோ இத்தாலிக்கே குடிபோய் அந்தப் பாதைக்கு மின் எஞ்சின் வடிவமைத்தார். மலையில் இறங்கும் வண்டியின் மோட்டார் தானே ஜெனரேட்டர் ஆகிவிடும். அது கம்பிக்குத் திருப்பித் தரும் மின்சாரம், ஏறுகிற வண்டிக்கு உதவும். பிரேக் தேய்வதும் குறையும். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

ஆனால் இந்த முறையில் இரண்டு குறைகள். மும்முனை மின்சாரம் என்பதால் தலைக்கு மேலே இரண்டு கம்பிகள் வேண்டும், தண்டவாளம் மூன்றாவது. பாதை பிரிகிற இடங்களில் அந்த இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடாமல் கொண்டுபோவது பெரும்பாடு. அடுத்தது, அதிர்வெண் 15 ஹெர்ட்ஸ் அளவில்தான் இருந்தது. ஊருக்கு ஒரு மின்சாரம், ரயிலுக்குத் தனி மின்சாரம். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா நாடுகளும் ரயிலுக்கு மட்டும் தனியாகக் குறைந்த அதிர்வெண்ணைத்தான் எடுத்துக்கொண்டன. 50 ஹெர்ட்ஸில் அவர்களுடைய மோட்டார்கள் சரியாக ஓடவில்லை.

முதல் உலகப் போரின்போது காண்டோ ஹங்கேரிக்குத் திரும்பினார். போரில் தோற்ற ஹங்கேரி, 1920 உடன்படிக்கையில் தன் நிலத்தில் பெரும்பகுதியை இழந்தது. மிஞ்சியது பெரும்பாலும் மட்டமான பழுப்பு நிலக்கரி. எஞ்சினில் போட்டு எரிப்பதைவிட அதை மின்நிலையத்தில் எரிப்பதே லாபம். அப்படியானால் ஏழை நாடு எதற்கு இரண்டு விதமான மின்சாரம் தயாரிக்க வேண்டும்? ஊருக்குப் போகிற 50 ஹெர்ட்ஸே ரயிலுக்கும் போகட்டும் என்பதுதான் காண்டோவின் முடிவு.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, எஞ்சினுக்குள்ளேயே சுழலும் ஒரு முனைமாற்றி இயந்திரம். மேலே ஒரே கம்பி. அதில் ஒருமுனை மின்சாரம் வரும். எஞ்சினுக்குள் இந்த இயந்திரம் அதைப் பலமுனையாக மாற்றி மோட்டாருக்குக் கொடுக்கும். 1923இல் சோதனை எஞ்சின் தயாரானது. பல வருடங்கள் சோதித்துத் திருத்தினார். பிறகு புடாபெஸ்ட்டிலிருந்து ஆஸ்திரிய எல்லையில் உள்ள ஹெஜெஷ்ஹாலோம் வரை, சுமார் 190 கி.மீ. பழைய பாதையை 16,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் மின்மயமாக்க வேலை தொடங்கியது.

1931 ஜனவரி 13. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே காண்டோ இறந்துபோனார். வயது 61. அடுத்த வருடம், 1932இல், பாதையின் முதல் பகுதியில் மின்ரயில் ஓடியது. 1934இல் எல்லை வரை போனது. அவருடைய எஞ்சின் 25, 50, 75, 100 கி.மீ. என நான்கு வேகப் படிகளில் ஓடியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அவர் இறந்த அதே 1931இல், மே மாதம், சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியது. அது 1,500 வோல்ட் டி.சி. முறை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்ஸ் 50 ஹெர்ட்ஸ் முறையை எடுத்து வளர்த்தது. 1957இல் இந்தியாவும் 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று தீர்மானித்தது. 1960களில் நம்ம தாம்பரம் பாதையும் அதற்கு மாறியது.

இன்னும் கேளுங்கள். டபிள்யூ.ஏ.பி-7 எஞ்சினிலும், பெரம்பூரில் செய்து 2019இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலிலும் இருப்பது மும்முனைத் தூண்டல் மோட்டார்தான். மேலே ஒரே கம்பி, உள்ளே வந்ததும் மும்முனை. காண்டோ கனமான இயந்திரத்தைச் சுழற்றிச் செய்ததை, இன்று குறைக்கடத்திகள் சத்தமில்லாமல் செய்கின்றன.

காண்டோ எண்ணியது சரிதான். அதற்கு ஏற்ற கருவிதான் அவர் காலத்தில் இல்லை. அதற்காகக் காத்திருக்காமல், கையில் இருந்த இரும்பையும் செம்புக் கம்பியையும் வைத்தே செய்து காட்டினார் பாருங்கள், அதனால்தான் அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. இயற்பியல் வகுப்பில் மாறுமின்னோட்டப் பாடம் வரும்போது இவரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியே, ரயில் பெட்டியின் கூரைமேல் யாரும் ஏறாதீர்கள். அந்தக் கம்பியைத் தொட வேண்டும் என்றில்லை, பக்கத்தில் போனாலே ஆபத்து!

– பன்னிரண்டாம் வகுப்பு, ‘அ’ பிரிவு